தெரிவு செய்யப்படாத வீரர்: மரியன் மொட்லியின் வரலாறு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்றைய கூட்டத்திலே பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டபொழுது, எதைப் பற்றிப் பேசலாம் என்று வினவினேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும், ஆனால் இளைஞர் உறங்காத விதமாகப் பேசும்" என்று அவர் விடையளித்தார். அந்தக் கட்டளைக்கு அமைந்தே ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டேன். விளையாட்டுக்கு இச்சபையிலே இடமுண்டோ என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்பார்களாயின், நான் சொல்லப்போவது பந்தைப் பற்றிய கதையாகத் தொடங்கினாலும், மனிதரை மனிதர் எவ்வாறு அளக்கின்றனர் என்பதைப் பற்றிய கதையாக முடிவதைக் காண்பார்கள்.

அவ்வீரரின் பெயர் மரியன் மொட்லி. அமெரிக்க உதைபந்தாட்டத்திலே, பந்தைக் கையிலேந்தி ஓடும் பின்வரிசை வீரர். 1920ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆந் திகதி பிறந்து, 1999ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆந் திகதி மறைந்தவர்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் உதைபந்தாட்டம் என்பது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடைய ஆட்டத்திலே காலால் உதைப்பது சிறு பகுதியே. றக்பி ஆட்டத்தைக் கண்டவர்கள் அதனை ஒருவாறு மனக்கண்ணிற் காணலாம். பந்து முட்டை வடிவினது. மைதானம் 100 யார் நீளமுடையது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தாருக்கு நான்கு முயற்சிகள் கொடுக்கப்படும். அந்த நான்குக்குள் பத்து யார் தூரம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடின் பந்து எதிரிகளுக்குப் போய்விடும். ஆட்டத்தை நடத்துபவர் பந்தைத் தூர எறியலாம். அல்லது பின்னால் நிற்கும் ஓட்டவீரரின் கையிலே கொடுக்கலாம். ஓட்டவீரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளின் கூட்டத்துள்ளே பாய்ந்தோட வேண்டும். அவரைப் பிடித்து வீழ்த்துவதே எதிரிகளின் வேலை. ஒரு முறை ஓடி நான்கு யார் முன்னேறினாற் போதும், நல்ல ஓட்டம் என்பார்கள். இந்த அளவை நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, "தெரிவு" என்னும் முறையைச் சொல்லவேண்டும். அமெரிக்கர் அதனை "டிராஃப்ட்" என்பர். சர்வகலாசாலைகளிலே ஆடி முடித்து வெளியேறும் வீரர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு, தொழில்முறைக் கழகத்தார் ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். சென்ற ஆண்டில் மிகத் தாழ்ந்த நிலையில் நின்ற கழகம் முதலில் ஒரு பெயரைக் கூறும். அடுத்த கழகம் அடுத்த பெயரைக் கூறும். இவ்வாறு வரிசையாகச் சென்று மீண்டும் தொடங்கும். பலவீனமானவர்களுக்கு முதலிடம் கொடுத்து, எல்லாக் கழகங்களையும் சமமாக்குவதே இம்முறையின் நோக்கம். 1936ஆம் ஆண்டில் இது தொடங்கியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆனால், அந்த 1936ஆம் ஆண்டு தொடக்கம் 1948ஆம் ஆண்டு வரை தேசிய உதைபந்தாட்ட லீக் என்னும் அந்தச் சங்கத்தின் தெரிவிலே கூறப்பட்ட பெயர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். அவற்றுள்ளே கறுப்பினத்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. 1949ஆம் ஆண்டிலேதான் ஜோர்ஜ் தலியபெரோ என்ற கறுப்பின இளைஞரின் பெயர் முதன்முதலாகக் கூறப்பட்டது. கறுப்பினத்தவரைச் சேர்க்கக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் விதி எழுதப்படவில்லை. 1920களிலே சிலர் ஆடியும் இருக்கின்றனர். 1933ஆம் ஆண்டோடு அவர்கள் ஒருவரும் இல்லாதொழிந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த எழுதாச் சட்டம் எழுதிய சட்டத்திலும் உறுதியாக நின்றது. எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். எழுதாத சட்டத்தை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

சபையோரே, தெரிவு செய்யப்படாதவர்களில் இரு வகையினர் உண்டு. தெரிவாளர் நோக்கிப் பார்த்து, "இவர் போதாது" என்று விட்டவர்கள் ஒரு வகை. தெரிவாளர் நோக்கவே மறுத்தவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் உழைத்துத் தம் குறையை நீக்கிக்கொள்ளலாம். இரண்டாம் வகையினருக்கு நீக்கிக்கொள்ளக் குறை என்ன இருக்கிறது? மொட்லி இரண்டாம் வகையினர்.

அவர் பிறந்தது தென்பாகத்திலுள்ள ஜோர்ஜியா மாநிலத்து லீஸ்பேர்க் என்னும் ஊரில். அவர் குழந்தையாயிருக்கும்பொழுதே குடும்பத்தார் வடக்கே ஓகையோ மாநிலத்துக் கன்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தனர். உருக்காலைகள் நிறைந்த தொழில் நகரம் அது. ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். நான் முன்னே சொன்ன அந்தத் தேசிய லீக் தோன்றிய இடமும் இதே கன்ரன் நகரந்தான். தோன்றிய ஆண்டும் மொட்லி பிறந்த அதே 1920ஆம் ஆண்டுதான். லீக் பிறந்த ஊரிலே, லீக்கின் வயதுடைய ஒரு சிறுவன் வளர்ந்து வருகிறான். வளர்ந்தபின் அந்த லீக்கின் வாசல் அவனுக்குத் திறவாது என்பதைச் சிறுவன் அப்பொழுது அறியான்.

கன்ரன் நகர மக்கின்லி உயர்தரப் பாடசாலையிலே மொட்லி ஆடினார். அவர் ஆடிய காலத்தில் அந்தப் பாடசாலை தோல்வி கண்டது அயலூராகிய மசிலன் பாடசாலையிடம் மாத்திரமே. மசிலன் பாடசாலையின் பயிற்சியாளர் போல் பிரவுண் என்பவர். எதிர்ப்பக்கத்தில் நின்று தம் பிள்ளைகளைச் சிதறடித்து ஓடும் அந்த இளைஞனைப் பிரவுண் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுள்ள பகைவன் கண்ணில்லாத நண்பனிலும் மேலானவன் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பின்னர் மொட்லி தென் கரோலினா மாநிலக் கல்லூரியிலே சிறிது காலம் பயின்று, மேற்கே நெவாடா சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே 1940ஆம் ஆண்டில் ஒரு துன்பம் நேர்ந்தது. அவர் கலிபோர்னியாவிலே மோட்டார் வண்டி செலுத்திச் சென்றபோது விபத்து உண்டாகி, மற்றை வண்டியிலே வந்த முதியவர் ஒருவர் இறந்துபோனார். நீதிமன்றம் மொட்லியைக் குற்றவாளியாகக் கண்டது. ஓர் உயிர் போய்விட்டது. அதை ஈடுசெய்ய எவராலும் இயலாது. எனினும், சிறையிலே முடிந்திருக்கக்கூடிய அவர் வாழ்வு மீட்கப்பட்டமைக்கு, நெவாடா மாணவர்கள் கூடிப் பணம் திரட்டி அபராதத்தைக் கட்டியதே காரணம். வெள்ளையரே பெரும்பாலோராகப் பயின்ற சர்வகலாசாலையில், தங்கள் மத்தியில் வந்த கறுப்பின மாணவனுக்காக அவர்கள் சில்லறை சேர்த்தார்கள். பெரிய கழகத்தார் பாராத மனிதனைச் சகமாணவர் பார்த்தார்கள். சங்கம் நடத்தும் நமக்கு இது சிந்திக்கத் தக்க செய்தி.

இரண்டாவது உலக மகாயுத்தம் வந்தது. மொட்லி 1944ஆம் ஆண்டிலே கடற்படையிற் சேர்ந்து, சிக்காகோ நகருக்கு வடக்கே உள்ள கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே உதைபந்தாட்டக் கோஷ்டியைப் பயிற்றுவிக்க வந்தவர் வேறு யாருமல்லர். அந்தப் போல் பிரவுணே. 1945ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இக்கோஷ்டி, புகழ்பெற்ற நொற்றடாம் சர்வகலாசாலையை 39க்கு 7 என்ற கணக்கிலே தோற்கடித்தது. எதிரியாகக் கண்டவரை இப்பொழுது தம் பக்கத்திலேயே வைத்துக் கண்டார் பிரவுண்.

யுத்தம் முடிந்தது. மொட்லி கன்ரன் நகருக்குத் திரும்பி உருக்காலையிலே வேலைக்குப் போனார். இருபத்தாறு வயது, மனைவி மக்களைக் காக்கும் பொறுப்பு, முழங்காலிலே பழைய காயம். அவரை எந்தக் கழகமும் பெயர்கூறி அழைக்கவில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். எத்தனையோ பேருடைய கதை இவ்விதமே உருக்காலையில் முடிந்திருக்கிறது. அவர்கள் பெயரை நாம் அறியோம். அறியாதபடியாற்றான் அவர்களைப் பற்றிச் சொற்பொழிவும் இல்லை.

1946ஆம் ஆண்டில் பழைய லீக்குக்குப் போட்டியாகப் புதிய லீக் ஒன்று ஆடத் தொடங்கியது. அதிலே கிளீவ்லாந்து நகரக் கழகத்துக்குப் பயிற்சியாளரானார் பிரவுண். அவர் பெயராலேயே அது "பிரவுண்ஸ்" எனப்பட்டது. மொட்லி அவருக்குக் கடிதம் எழுதித் தம்மைப் பரீட்சித்துப் பார்க்கும்படி கேட்டார். வேண்டிய பின்வரிசை வீரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. ஆயினும் ஓகஸ்ட் மாதத்திலே, பில் வில்லிஸ் என்னும் கறுப்பின வீரரைப் பிரவுண் பயிற்சி முகாமிற் சேர்த்துக்கொண்டார். சில நாட்களின் பின் மொட்லிக்கும் அழைப்பு வந்தது. வில்லிஸுக்கு அறைத்தோழர் ஒருவர் வேண்டியிருந்ததனாலேதான் தம்மை அழைத்தார்கள் என்று மொட்லி பிற்காலத்தில் எண்ணினார். வெள்ளையரோடு ஓர் அறையிலே படுக்கவைக்க முடியாத காலம் அது. அவ்வாறாயின், அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த ஓட்டவீரர் ஒருவர் கட்டிலொன்றை நிரப்புவதற்காக அழைக்கப்பட்டார் என்றே கொள்ளவேண்டும். வாசல் எந்தக் காரணத்தினால் திறந்தாலென்ன, மொட்லி உள்ளே நுழைந்தார்.

அதே ஆண்டில் பழைய லீக்கிலே லொஸ் ஏஞ்சல்ஸ் கழகம் கென்னி வாஷிங்டன், வூடி ஸ்ட்ரோட் என்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டது. இந்நால்வருமே பன்னிரண்டாண்டுத் தடையை உடைத்தவர்கள். பேஸ்போல் ஆட்டத்திலே ஜக்கி ரொபின்சன் வந்து உலகப் புகழ் பெற்றது 1947ஆம் ஆண்டிலே. அவருக்கு ஓராண்டு முந்தியே இந்நால்வரும் வந்துவிட்டனர். ஆனால் ரொபின்சன் பெயரை உலகம் அறியும். இவர்களை அறிந்தவர் சிலரே.

உள்ளே நுழைந்தபின் இருந்தது மலர்ப்பாதையன்று. வீழ்ந்து கிடக்கும்பொழுது எதிரிகள் ஆணிச்சப்பாத்துக்களால் இவ்விருவருடைய கைகளை மிதித்தார்கள். வாயில் வந்த வசைகளையெல்லாம் பொழிந்தார்கள். மத்தியஸ்தர்கள் சிலர் கண்டும் காணாதவர் போல நின்றார்கள். கோபங்கொண்டு கைநீட்டினால், "பார்த்தீர்களா, இவர்களைச் சேர்த்தாற் கலகமே வரும்" என்று சொல்வதற்குக் காத்திருந்தவர் பலர். ஆகவே பொறுத்துக்கொள்ளும்படி பிரவுண் முன்னமே சொல்லியிருந்தார். அவர்கள் கையை ஓங்கவில்லை. அடுத்த முறை பந்து கைக்கு வந்தபோது இன்னும் வேகமாக ஓடினார்கள். ஆறடி ஓரங்குல உயரமும் 230 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையுமுடைய மொட்லி எதிரே ஓடிவரும்பொழுது, அவரை மறிப்பது எளிதான காரியமன்று.

அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் மயாமி நகரிலே ஆட்டம். புளோரிடா மாநிலச் சட்டம் கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஆடுவதைத் தடைசெய்திருந்தது. மொட்லிக்கும் வில்லிஸுக்கும் பயமுறுத்தற் கடிதங்களும் வந்தன. பிரவுண் இருவரையும் ஊரிலே விட்டுச் சென்றார். அவர்கள் இல்லாமலே கிளீவ்லாந்து 34க்கு 0 என்று வென்றது. அந்தப் பருவத்தோடு மயாமிக் கழகம் மறைந்துபோயிற்று. பிரவுண் செய்தது சரியா? உயிருக்கு ஆபத்து வராமற் காத்தார் என்பர் சிலர். சட்டத்துக்குத் தலைவணங்கினார் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. கதவைத் திறந்தவரும் சில வேளைகளில் அதைப் பாதியளவே திறக்கிறார்.

புதிய லீக் நான்கு ஆண்டுகள் நடந்தது. நான்கிலும் கிளீவ்லாந்தே முடிசூடியது. சாதாரணப் பருவங்களிலே ஆடிய 54 போட்டிகளில் 47ஐ வென்று, மூன்றைச் சமமாக முடித்து, நான்கே நான்கில் தோற்றது. 1948ஆம் ஆண்டிலே ஒரு போட்டியிலேனும் தோற்கவில்லை. அவ்வாண்டில் மொட்லி 964 யார் ஓடி லீக்கின் முதல்வரானார். இறுதிப் போட்டியிலே பபலோக் கழகத்தை 49க்கு 7 என்று தோற்கடித்தபோது மூன்று முறை எல்லைக்கோட்டைக் கடந்தார்.

ஓடுவது மாத்திரம் அவர் தொழிலன்று. ஆட்டத்தை நடத்திய ஒட்டோ கிரகாம் பந்தை எறிய நிற்கும்பொழுது, அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவோரைத் தம் உடம்பினால் தடுத்து நிறுத்துவதும் மொட்லியின் பணி. கிரகாம் பெற்ற புகழின் பின்னே மொட்லியின் தோள் இருந்தது. எதிரிகளின் கையிலே பந்து இருக்கும் வேளைகளிலும் அவர் மைதானத்தை விட்டு வெளியேறாமல் நின்று தடுத்த காலமுண்டு. இக்காரியங்களுக்குக் கணக்குப் புத்தகத்திலே எண் இல்லை. எண்ணில் அடங்காத உழைப்பைச் செய்பவனையே தோழர்கள் மெய்யான தோழன் என்பார்கள்.

ஒருமுறை எதிரிகள் நாற்புறமும் சூழ்ந்து வரவே, எறியமுடியாமற் தவித்த கிரகாம் அருகில் நின்ற மொட்லியின் கையிலே பந்தைத் திணித்துவிட்டார். எதிரிகள் கிரகாமை நோக்கிப் பாய்ந்தமையால் நடுவழி வெறுமையாகக் கிடந்தது; மொட்லி அதனூடே ஓடிவிட்டார். தற்செயலாக நேர்ந்த இதைப் பிரவுண் ஓர் உபாயமாகவே அமைத்துக்கொண்டார். "டிரோ" என்னும் பெயரால் அவ்வுபாயம் இன்றும் அந்த ஆட்டத்திலே வழங்குகிறது.

1950ஆம் ஆண்டிலே புதிய லீக் கலைந்து, கிளீவ்லாந்து பழைய லீக்கிலே சேர்க்கப்பட்டது. சிறுபிள்ளைகளோடு ஆடிப் பெற்ற வெற்றிகள் இனிமேற் செல்லா என்று பலர் நகைத்தார்கள். முதற் போட்டியே முந்திய ஆண்டு முடிசூடிய பிலதெல்பியாவுடன். 71,000 பேருக்கு மேற்பட்டோர் கூடியிருக்க, கிளீவ்லாந்து 35க்கு 10 என்று வென்றது. நகைப்பு அன்றோடு நின்றது. ஒக்ரோபர் 29ஆந் திகதி பிற்ஸ்பேர்க் கழகத்துக்கு எதிராக மொட்லி பதினொரு முறை பந்தோடு ஓடினார். 188 யார் முன்னேறினார். ஓட்டத்துக்குப் பதினேழு யாருக்கு மேல்! நான்கு யார் ஓடினால் நல்லது என்று முன்னே சொன்னேன் அல்லவா? ஒரு போட்டியிற் பெற்ற அந்தச் சராசரியை 2002ஆம் ஆண்டு வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக, எவரும் விஞ்சவில்லை. அப்பருவத்திலே 810 யார் ஓடி, தம்மைத் தெரிவு செய்யாத அந்த லீக்குக்கே அவர் முதல்வரானார். டிசெம்பர் 24ஆந் திகதி இறுதிப் போட்டியிலே லொஸ் ஏஞ்சல்ஸை 30க்கு 28 என்று வென்று கிளீவ்லாந்து மீண்டும் முடிசூடியது.

பின்னர் முழங்கால் தளர்ந்தது. 1953ஆம் ஆண்டோடு கிளீவ்லாந்தை விட்டார். 1955ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க்கிலே சிறிது காலம் ஆடி ஓய்ந்தார். மொத்தம் 828 ஓட்டங்கள், 4,720 யார், ஓட்டமொன்றுக்குச் சராசரி 5.7 யார். பின்வரிசை ஓட்டவீரர்களுள்ளே இதனிலும் உயர்ந்த சராசரியோடு தம் ஆட்டவாழ்வை முடித்தவர் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் உண்மை அங்கே முடியவில்லை. ஓய்வு பெற்ற மொட்லி பயிற்சியாளராக விரும்பினார். அந்த ஆட்டத்தின் நுட்பமெல்லாம் அறிந்தவர், பொறுமைக்குப் பேர்போனவர். தாம் ஆடிய கழகத்திடமும் பிறரிடமும் கேட்டார். இடம் இல்லை என்றார்கள். தம் நிறமே காரணம் என்று 1965ஆம் ஆண்டில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேறு தொழில்கள் செய்தார். 1967ஆம் ஆண்டில் கிளீவ்லாந்திலே பெண்கள் உதைபந்தாட்டக் கோஷ்டி ஒன்றைப் பயிற்றினார். தற்காலத்திலே அந்த லீக்கிற் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரானது 1989ஆம் ஆண்டில், ஆட் ஷெல் என்பவர் நியமிக்கப்பட்டபோதுதான். அன்று மொட்லிக்கு வயது அறுபத்தொன்பது. அவர் கால்களை ஏற்றுக்கொண்டவர்கள் அவர் அறிவை ஏற்றுக்கொள்ளவில்லை. இதுவே என் மனத்தை மிகவும் உறுத்தும் செய்தி. ஒருவனுடைய உழைப்பை வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஆலோசனை மேசையிலே ஆசனம் கொடாமல் இருப்பது அமெரிக்காவிலே மாத்திரம் உள்ள வழக்கம் என்று நம்மிற் யார் துணிந்து சொல்லக்கூடும்?

1963ஆம் ஆண்டில் உதைபந்தாட்டப் புகழ்மண்டபம் ஒன்று நிறுவப்பட்டது. லீக் பிறந்த ஊர் என்பதால் அதனைக் கன்ரன் நகரிலேயே நிறுவினார்கள். 1968ஆம் ஆண்டிலே மொட்லி அம்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். கறுப்பினத்தவருள் அப்பேறு பெற்ற இரண்டாமவர் அவரே. உருக்காலையிலே கரிபடிய நின்ற அதே ஊரிலே அவருக்குச் சிலை வைத்தார்கள். சபையில் அவரை முன்மொழிந்து பேசியவர் பழைய அறைத்தோழராகிய பில் வில்லிஸ். 1994ஆம் ஆண்டில் லீக்கின் எழுபத்தைந்தாண்டு நிறைவிலும், 2019ஆம் ஆண்டில் நூறாண்டு நிறைவிலும் எக்காலத்துக்குமுரிய சிறந்த வீரர்களின் பட்டியல் வகுத்தபோது மொட்லி பெயர் இரண்டிலும் இருந்தது. தெரிவிலே ஒரு முறையும் கூறப்படாத பெயர், இறுதியிலே எல்லாத் தெரிவுகளிலும் கூறப்படும் பெயராயிற்று.

சகோதர சகோதரிகளே, முடிக்குமுன் இரு சாராருக்கும் ஒவ்வொரு வார்த்தை.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. பரீட்சையிலோ, உத்தியோகத்திலோ, விளையாட்டிலோ நம் பெயர் கூறப்படாமற் போகலாம். அப்பொழுது, நான் எந்த வகையினன் என்று நம்மை நாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம். குறை நம்மிடத்தில் இருந்தால் உழைப்போம். குறை தெரிவாளரிடத்தில் இருந்தால், அவர்கள் தீர்ப்பை நம் அளவுகோலாகக் கொள்ளாதிருப்போம், ஆனாலும் உழைப்போம். மொட்லி உருக்காலையில் நின்றபொழுதும் ஓடத் தெரிந்தவராகவே இருந்தார். அழைப்பு வந்தபின் ஓடப் பழகியவரல்லர்.

பெரியோர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வயது போதாது. ஆகையால் விண்ணப்பமாகவே சொல்கிறேன். மொட்லி வென்றார் என்று நாம் மகிழும்பொழுது, அவர் பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடக்கூடாது. பொறுமை அவருடைய பெருமை. அந்தப் பொறுமையை வேண்டியதாக்கியது பிறருடைய சிறுமை. ஒரு மொட்லி உள்ளே வந்தார் என்றால், வாராமற் போனவர் எத்தனை பேர்? தெரிவு செய்யும் அதிகாரம் இன்று உங்கள் கையில் இருக்கிறது. நாளை எங்கள் கைக்கு வரும். அன்று, வரிசையிலே நிற்பவன் எந்த வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்று வினவுமுன், அவன் ஓடுவதை ஒருமுறை கண் திறந்து பார்ப்போமாக. போல் பிரவுண் குறைகள் உள்ள மனிதரே. ஆயினும் பார்க்கவேண்டிய வேளையிலே பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகவே அவர் பெயரும் மொட்லி பெயரோடு சேர்த்து நினைக்கப்படுகிறது.